கல்லுக்கு ஏன் தனிக் காடு? கிள்ளான் பள்ளத்தாக்கின் இரு குன்றுகளும் ஒரு பழைய வினாவும்

ஒரு பாறைக் குன்றின் மேல் வளரும் செடிகொடிகள் அதன் அடிவாரத்துச் செடிகொடிகளிலிருந்து ஏன் வேறுபடுகின்றன? தாவரவியல் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக விடை தேடிவரும் வினா இது. கல்லின் வேதியியல், நீர், ஊட்டம், போட்டி, வரலாறு என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடையை முன்வைத்தது. புதிய விடை வந்ததும் பழையது ஓரளவு தேய்ந்ததே தவிர, எதுவும் முற்றாகச் செத்துப்போகவில்லை. ஆல்ப்ஸ் மலைச்சரிவில் தொடங்கிய இந்த விவாதம் ஆஸ்திரேலியாவின் எரிமலைப் பாறைகளில் நிற்கும் யூகலிப்டஸ் காடுகளில் புதுத் திருப்பம் கண்டது. அதை உரசிப் பார்க்க நல்ல இடம் ஒன்று கோலாலம்பூரின் வடக்கு விளிம்பிலேயே இருக்கிறது.

இரண்டு கற்கள், ஒரே மழை

பத்துமலை எதனால் ஆனது என்று சொல்லத் தேவையில்லை. நாற்பது கோடி ஆண்டு வயதுடையதாகக் கணிக்கப்படும் சுண்ணாம்புக்கல் அது. அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கோம்பாக், தாமான் மெலாவத்தி வழியாக நீளும் குவார்ட்ஸ் தொடர் தென்படும். மலையேறிகள் புக்கிட் தாபூர் என்று அறிந்திருப்பது அதன் ஒரு பகுதியைத்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதே கல். தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் உருவாகிக் குளிர்ந்த நெடுங்காலப் போக்கில், நிலப்பிளவு ஒன்றின் வழியே ஏறிய சிலிக்கா கலந்த வெந்நீர் உறைந்து இந்தத் தொடர் ஆனது. பின்பு சுற்றியிருந்த மென்மையான பாறை கரைந்துபோக, இது மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. நீளம் பதினான்கு கிலோமீட்டர் என்பாரும் பதினாறு என்பாரும் உண்டு. அகலமோ ஏறத்தாழ இருநூறு மீட்டர்தான். கிள்ளான் ஆறு இதை அறுத்துச் செல்லும் இடுக்கில் கிள்ளான் கேட்ஸ் அணை கட்டப்பட்டிருக்கிறது.

இவ்விரு குன்றுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில் ஓர் ஆதாயம் உண்டு. இரண்டுக்கும் மழை ஒன்றே, ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில். வெப்பமும் ஒன்றே. உயர வேறுபாடும் பெரிதல்ல. கல் மட்டும் நேர்மாறானது: ஒன்று காரத்தன்மையுள்ள கால்சியம் கார்பனேட், மற்றது செடிக்கு எந்த ஊட்டமும் தராத, அமிலத்தன்மையுள்ள மண்ணை மட்டுமே விட்டுவைக்கும் சிலிக்கா. ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டு அமைத்தாலும் இதைவிடத் தெளிவான ஒப்பீடு அமையாது.

இரண்டின் மேலும் வளர்வது தாழ்நிலக் காட்டின் நெடுமரக் கூட்டம் அல்ல. பத்துமலையின் செங்குத்துச் சுவர்களிலும் உச்சியிலும் மாக்ஸ்பரேட்டியா ரூபிகோலா என்ற குட்டையான விசிறிப் பனை இருக்கிறது. உலகில் இது பத்துமலை, புக்கிட் தாக்குன், அனாக் தாக்குன் என்ற சிலாங்கூரின் மூன்று சுண்ணாம்புக் குன்றுகளில்தான் உண்டு. குவார்ட்ஸ் தொடருக்கே உரியவையாக ஐந்து இனங்களைக் குறிப்பிடுவது வழக்கம்: வெட்சியும் காப்பியும் சேர்ந்த குடும்பத்தின் அலெய்சாந்தியா ரூபெஸ்ட்ரிஸ், ஸ்பெர்மகோசே பிலுலிஃபெரா, சிறு பூச்செடியான கோடோனோபோயா பிரிமுலினா, யூலாலியா மில்சுமி என்ற புல், ஐலெக்ஸ் பிரேட்டர்மிஸ்ஸா என்ற மரம். கடைசியாகச் சொன்ன மரத்துக்கு அறிவியல் பெயரிட்டவர் மலேசியத் தாவரவியலாளர் ரூத் கியூ. தலைநகரின் வாசலில் நின்ற ஒரு மரம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பெயரில்லாமல் நின்றிருக்கிறது.

வேதியியல் என்ற முதல் விடை

1836-ல் ஆஸ்திரியரான ஃப்ரான்ஸ் உங்கர், கிட்ஸ்பியூல் மலைப்பகுதியின் தாவரங்களைச் சுண்ணாம்புப் பாறைக்குரியவை, மற்றப் பாறைக்குரியவை என்று பிரித்துக் காட்டினார். கல்லில் உள்ள பொருளே செடியைத் தேர்ந்தெடுக்கிறது என்பது அவர் முடிவு. கால்சியம் மிகுந்த மண்ணில் இரும்பும் பாஸ்பரசும் வேருக்கு எளிதில் கிட்டாது, அமில மண்ணிலோ அலுமினியம் வேரை நஞ்சாக வருத்தும் என்று பிற்கால வேதியியல் இதற்கு உடல் கொடுத்தது. இன்றும் பலருக்கு முதலில் தோன்றும் விடை இதுதான். தோட்டம் போடுகிறவர் மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு இடுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே அறிவு.

மலாயாவின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பொறுத்தவரை இந்த விடை சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சின் சீ சுங் 1977 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட பெரும் ஆய்வு, தீபகற்பத்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் 1,216 இனங்களைப் பதிவு செய்தது. தீபகற்பத்துக்கு வெளியே இல்லாததும் அதற்குள்ளும் சுண்ணாம்பை விட்டு வேறெங்கும் காணப்படாததுமான இனங்கள் அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. பெரும்பான்மை இனங்கள் மற்ற நிலங்களிலும் வாழ்கின்றன. கால்சியம் கண்டிப்பான காவலாளியாக இருந்திருந்தால் இத்தனை பேர் உள்ளே நுழைந்திருக்க முடியாது. போதாக்குறைக்கு, சுண்ணாம்புக் குன்றின் உச்சிகளில் இலைமக்கு தடித்துச் சேரும் இடங்களில் வேர்கள் நிற்பது சுண்ணாம்பில் அல்ல, அமிலத்தன்மையுள்ள மக்கில். கல் சுண்ணாம்பாக இருப்பது ஒன்று; வேர் தொடும் மண் சுண்ணாம்பாக இருப்பது வேறொன்று.

இதில் கோலாலம்பூருக்கே உரிய ஒரு சான்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்துமலைக் கல்லின் உறவுதான் நகரத்தின் பெரும்பகுதிக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. ஈயச் சுரங்கங்களில் மண்ணை அகற்றியபோது கூர்கூரான சுண்ணாம்புத் தூண்கள் வெளிப்பட்டன. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் நகர்த்திக் கட்ட வேண்டியதாயிற்று, நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையின் சரிவால். இந்தப் புதைந்த சுண்ணாம்பின் மேல் ஒரு காலத்தில் நின்றது வழக்கமான தாழ்நிலக் காடுதான். இது நேர்மையான சோதனை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம்; வேருக்கும் கல்லுக்கும் இடையில் வண்டல் தடித்துக் கிடந்ததே என்பார். அந்த மறுப்பு சரிதான். ஆனால் அதுவே, கல்லின் பொருளைவிட அது வெளியே தெரிந்து நிற்பதுதான் பெரிது என்ற எண்ணத்துக்கு இடம் தருகிறது.

தாகமா, பசியா

வெளியே தெரியும் கல் செடிக்கு என்ன செய்கிறது? 1849-ல் ழூல் துர்மான், ஜூரா மலைகளை ஆராய்ந்து உங்கரை மறுத்தார். வேதியியல் அல்ல, பாறை எப்படி நொறுங்குகிறது, நீரை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பதே முக்கியம் என்றார். இதை உலகளாவிய கொள்கையாக விரித்தவர் ஜெர்மானியரான ஷிம்பர். அவருடைய 1898-ஆம் ஆண்டு நூல், நீர் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலையை ஒருவகை வறட்சியாகக் கொண்டது. ஜாவாவில் கந்தகப் புகை கக்கும் எரிமலைத் தரைகளில் உயர்மலைச் செடிகள் தாழ்ந்த உயரத்திலேயே வளர்வதை அவர் கவனித்திருந்தார். தடித்த சிறிய இலை, மெழுகுப் பூச்சு எல்லாம் தாகத்தின் அடையாளம் என்பது அவர் வாசிப்பு.

புக்கிட் தாபூர் ஷிம்பருக்குப் பிடித்திருக்கும். ஐந்நூறு மீட்டரைக்கூட எட்டாத அந்தத் தொடரில் ரோடோலேயா சாம்பியோனி, பெக்கியா ஃப்ரூட்டெசென்ஸ் போன்றவை நிற்கின்றன. மலேசியர்கள் இவற்றைப் பொதுவாகக் கெந்திங், ஃப்ரேசர் மலை போன்ற குளிர்ந்த உயரங்களோடு சேர்த்தே நினைப்பார்கள். பெக்கியாவின் ஊசியிலைகளைப் பார்த்தவர் அதைச் சவுக்கின் குட்டித் தம்பி என்று நினைத்துவிடலாம். உண்மையில் அது நாவல், கொய்யா, யூகலிப்டஸ் ஆகியவற்றின் குடும்பம். மழை நின்று சில நாள் வெயில் அடித்தாலே வெறும் பாறை காய்ந்துபோகும் என்பதால், ஆண்டுக் கணக்கில் 2,400 மில்லிமீட்டர் பெய்தும் பாறைமேல் இருப்பவற்றுக்கு அது அடிக்கடி வரும் குறுவறட்சிகளின் தொடர்தான். சுண்ணாம்புச் சுவர்களில் ஒட்டி வாழும் பாராபோயா இனச் செடிகளில் சில, வாடிச் சுருண்டு மறுமழையில் மீண்டும் விரியும் வல்லமை பெற்றவை.

ஆனால் அதே குன்றின் குகை வாயில்களிலும் நிழலான அடிவாரத்திலும் வாழும் மென்மையான செடிகளை என்ன செய்வது? மோனோஃபில்லேயா என்ற பேரினம், வாழ்நாள் முழுவதும் ஒற்றை இலையோடு வளரும் விந்தையான கூட்டம். ஈரமும் நிழலும் இல்லாவிட்டால் தாங்காது. அவையும் சுண்ணாம்பைவிட்டு அதிகம் அகல்வதில்லை. தாகம் உச்சியை விளக்குகிறது. அடிவாரத்தை அது விளக்கவில்லை.

தாகத்துக்குப் போட்டியாக வந்தது பசி. ஆஸ்திரேலியரான பீடில் 1954-ல் தொடங்கி 1960கள் வரை வெளியிட்ட கட்டுரைகளில், கிழக்கு ஆஸ்திரேலியாவின் தாவர எல்லைகளை மண்ணின் பாஸ்பேட்டோடு பொருத்திக் காட்டினார். பாஸ்பரஸ் குறைந்த மணற்கல் நிலங்களில் யூகலிப்டசும் அதன் கடின இலை உறவினரும், பாஸ்பரஸ் நிறைந்த பசால்ட் நிலங்களில் மழைக்காடு. கடின இலை தாகத்தால் வந்ததல்ல, பசியால் வந்தது என்ற இந்த வாதம் ஒரு தலைமுறையின் சிந்தனையையே மாற்றிப் போட்டது. மணலும் சிலிக்காவும் ஆன போர்னியோவின் கெராங்காஸ் காடுகளிலும் இதே சண்டை நடந்தது. ப்ரூனிக் 1974-ல் நீர்த்தட்டுப்பாட்டின் பக்கம் நின்றார். நைட்ரஜன் பற்றாக்குறை என்றார்கள் வேறு சிலர். ப்ராக்டர் 1999-ல் மண்ணின் கடும் அமிலத்தன்மையைக் கைகாட்டினார்.

பீடிலின் வாதத்துக்கு நெருடலாக இருப்பவை, யூகலிப்டஸ் நிற்கும் பசால்ட் பாறைகளே. வடக்குக் குவீன்ஸ்லாந்தின் உந்தாராவில் ஏறத்தாழ 1,90,000 ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு 160 கிலோமீட்டர் ஓடியது. ஊட்டத்தில் குறையாத அந்தப் பாறையின் மேற்பரப்பில் இன்று நிற்பது திறந்த யூகலிப்டஸ் காடு. குழம்பு ஓடிய நிலத்தடிக் குழாய்களின் கூரை இடிந்து உண்டான பள்ளங்களிலோ அடர்ந்த கொடிப் புதர்க்காடு, வறண்ட மழைக்காட்டின் ஒரு வகை. பாறை ஒன்றே, மழை ஒன்றே, காடு இரண்டு. பள்ளத்தில் மண்ணும் ஈரமும் தங்குகின்றன என்பது ஒரு காரணம். மேற்பரப்பில் புல்லோடு ஓடிவரும் தீ பள்ளத்துக்குள் இறங்குவதில்லை என்பது இன்னொன்று. பாஸ்பரசின் கணக்கை மட்டும் வைத்து இந்த எல்லையைக் கோடு போட முடியாது. மராட்டியத்தின் சத்தாரா அருகே காஸ் பீடபூமியில், பசால்ட் மேல் படிந்த செம்பாறையில் பூச்சியுண்ணும் செடிகள் உட்பட ஒரு தனிப் பூக்காடு மழைக்காலத்தில் எழுவதும் இந்த வகைதான். அங்கே மெல்லிய மண், மழையில் ஊறுதல், பின் காய்தல் எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரத்தில் இயற்கைத் தீக்கு வேலை குறைவு. உந்தாராவின் இந்தப் பாடத்தை இங்கே நேராகக் கொண்டுவர முடியாது.

விரட்டப்பட்டவற்றின் புகலிடம்

இதுவரை பார்த்த விடைகள் எல்லாம் ஒரு முன்முடிவைப் பகிர்ந்துகொள்கின்றன: பாறையில் வாழும் செடிக்குப் பாறை தேவைப்படுகிறது. அதையே சந்தேகித்தவர் இங்கிலாந்தின் டான்ஸ்லி. 1917-ல் வெளியான அவர் சோதனை எளிமையானது. காலியம் பேரினத்தின் இரண்டு சிறு செடிகளை எடுத்துக்கொண்டார். ஒன்று சுண்ணாம்பு மண்ணுக்குரியது, மற்றது அமில மண்ணுக்குரியது. தனித்தனியாக வளர்த்தபோது இரண்டும் இருவகை மண்ணிலும் பிழைத்தன. சேர்த்து வளர்த்தபோது, அந்தந்த மண்ணுக்குரியது மற்றதை நெருக்கி வெளியேற்றியது. ஆக, ஒரு செடி எங்கே இருக்கிறது என்பது அதற்கு எது பிடிக்கும் என்பதைவிட, எங்கே அதை விட்டுவைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. (காலியம், நம் அலெய்சாந்தியாவின் குடும்பமே என்பது தற்செயல்தான்.) 1950களில் அமெரிக்கரான க்ரூக்கபெர்க், பாம்புக்கல் எனப்படும் நச்சு உலோகம் மிகுந்த பாறையின் செடிகளில் பல, போட்டியில்லாத நல்ல மண்ணில் இன்னும் செழிப்பாக வளர்வதைக் காட்டினார். 1964-ல் கான்கினும் மேஜரும் இதைப் பொதுவிதியாக முன்வைத்தார்கள்: அரிய செடிகள் கடினமான நிலத்தில் இருப்பது, அங்கே வல்லவர்கள் வரமாட்டார்கள் என்பதால்.

என் மதிப்பீட்டில் கிள்ளான் பள்ளத்தாக்கின் குன்றுகளுக்கு மிக அதிகம் பொருந்துவது இந்த விடைதான். அதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன். முதலாவது, வேதியியலில் நேர்மாறான இரண்டு கற்களும் ஒரே காரியத்தைச் செய்கின்றன: நெடுமரக் கூட்டத்தை வெளியே நிறுத்துகின்றன. ஆழமாக வேரூன்ற மண் இல்லாத இடத்தில் மெரந்தி போன்ற பெருமரம் கூரை விரிக்க முடியாது. கூரை இல்லாததால் கீழே வெளிச்சம் மிஞ்சுகிறது. இரண்டாவது, சுண்ணாம்பில் வாழும் ஆர்க்கிட், அத்தி, பெரணி வகைகளில் கணிசமானவை மரக்கிளைகளிலும் ஒட்டி வாழ்பவை. மரப்பட்டைக்கும் சுண்ணாம்புக்கும் வேதியியலில் பொதுவாக ஒன்றுமில்லை. நிழல் போடும் போட்டியாளர் வேர் பிடிக்க முடியாமை ஒன்றே பொது. மூன்றாவது, புக்கிட் தாபூரின் உயர்மலைச் செடிகள். மலையுச்சியின் குளிர்தான் அவற்றை அங்கே கட்டிப்போட்டது என்றால், வெப்பமான முந்நூறு மீட்டர் உயரத்தில் அவை நிற்கக் கூடாது. கட்டிப்போட்டது குளிர் அல்ல, தாழ்நிலக் காட்டின் நிழல் என்று கொண்டால் புதிர் அவிழ்கிறது.

நீலகிரியை ஒரு துணைச் சான்றாகச் சொல்லலாம். 1843-ல் அங்கே கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸ், தாயகத்தில் தீயோடும் பசியோடும் போராடப் பழகிய கூட்டத்தைச் சேர்ந்தது. புல்வெளியை அகற்றிப் போட்டியாளர் இல்லாமல் நட்டுக் கொடுத்தபோது ஆழமான மண்ணில் வெறிகொண்டு வளர்ந்தது. கடினமான நிலம் அதற்குத் தேவையாக இருக்கவில்லை.

இந்த விடைக்கும் ஓட்டை உண்டு. போட்டி என்பது எதையும் விளக்கிவிடக்கூடிய சொல்லாக மாறும் ஆபத்து இருக்கிறது: ஒரு செடி இங்கே இல்லை, ஆகவே விரட்டப்பட்டது, அங்கே இருக்கிறது, ஆகவே தப்பியது. டான்ஸ்லியைப் போலத் தொட்டியில் வைத்துச் சோதித்தால்தான் இது அறிவியல். இல்லாவிட்டால் வெறும் கதை. அத்துடன், பாறையில் வாழ ஒரு செடிக்குத் தனித்திறமை வேண்டியிருக்கிறதே. போட்டி இல்லை என்பதற்காக யார் வேண்டுமானாலும் வெந்த கல்லில் குடியேறிவிட முடியாது. தாகமும் பசியும் வாசலில் நின்று தகுதி பார்க்கின்றன. உள்ளே வந்தவர் மட்டுமே போட்டியில்லாத வாழ்வை அனுபவிக்கிறார். பத்துமலைக்கு அருகிலுள்ள கெப்போங்கின் கதை இங்கே பயன்படும். 1920களில் தோண்டித் தள்ளப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் வன ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தவர்கள், அந்தக் கெட்ட மண்ணில் காட்டு மரங்களை நட்டுப் பேணினார்கள். இன்று அங்கே நிற்பது முதிர்ந்த காடுபோன்ற ஒன்று. பசித்த மண் நெடுமரங்களை அறவே தடுப்பதில்லை, கையைப் பிடித்து நடத்த ஆள் இருந்தால்.

தீவுகளும் எச்சங்களும்

போட்டி, ஒரு கூட்டம் ஏன் பாறையில் இருக்கிறது என்று சொல்லும். அந்தக் கூட்டத்தில் ஏன் இந்த இனம், ஏன் இந்தக் குன்றில் மட்டும் என்று அது சொல்லாது. அதற்கு வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

1967-ல் மெக்கார்தரும் வில்சனும் தீவுகளுக்கான கோட்பாட்டை எழுதிய பிறகு, காட்டுக்கடலில் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளையும் தீவுகளாகப் பார்ப்பது வழக்கமாயிற்று. தென்கிழக்காசியச் சுண்ணாம்புக் குன்றுகளின் நத்தைகளையும் குகை உயிர்களையும் முன்வைத்து 2006-ல் க்ளெமென்ட்சும் சகாக்களும் எழுதிய கட்டுரை இந்தப் பார்வையைப் பரவலாக்கியது. தனிமைப்பட்ட குன்றில் ஒரு செடி காலப்போக்கில் புது இனமாகப் பிரிகிறது என்பார் ஒரு சாரார். முன்பு எங்கும் பரவியிருந்த பழைய இனம் மற்ற இடங்களில் அழிந்து, கடைசியாகக் குன்றில் ஒதுங்கியது என்பார் மறுசாரார். ஸ்டெபின்சும் மேஜரும் 1965-ல் கலிஃபோர்னியாவை வைத்து இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியிருந்தார்கள்.

சிலாங்கூரில் இரண்டுக்கும் ஆதரவு கிடைக்கிறது. மாக்ஸ்பரேட்டியாவை எடுத்துக்கொள்வோம். பேரினத்தில் மூன்றே இனங்கள்: ஒன்று தெற்குத் தாய்லாந்தில், ஒன்று லங்காவி, பெர்லிஸ் பக்கம், ஒன்று சிலாங்கூரில். மூன்றும் சுண்ணாம்புக்கே உரியவை, மூன்றும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில். பழைய பரவல் ஒன்று துண்டுதுண்டாக உடைந்து எஞ்சியது என்று வாசிக்கத் தூண்டும் அமைப்பு இது. பறவைகள் கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம் என்ற மாற்று விடையையும் கையில் வைத்திருக்க வேண்டும். அலெய்சாந்தியாவில் இரண்டே இனங்கள், இரண்டும் தீபகற்பத்துக்கே உரியவை. கோடோனோபோயாவின் நிலை வேறு. தீபகற்பத்தில் பத்துப் பத்தாகக் கிளைத்துள்ள பேரினம் அது. பிரிமுலினா அந்தக் கிளைப்பில் ஒரு பாறைக் கிளை. இதை எச்சம் என்பது கடினம், புதுப்பிறப்பு என்பதே இயல்பு.

புக்கிட் தாபூரின் உயர்மலைச் செடிகளுக்கும் ஒரு வரலாற்று விளக்கம் உண்டு. பனியுகங்களில் வெப்பம் குறைந்தபோது மலைத் தாவரங்கள் கீழே இறங்கின; பின்பு வெப்பம் ஏற, எங்கும் காடு அவற்றை விழுங்கிவிட, நிழல் எட்டாத பாறை விளிம்பில் சில தங்கிப்போயின. இது போட்டி விடைக்கு எதிரானதல்ல, அதற்குக் காலக்கணக்கு சேர்ப்பது. ஆயினும் காற்றில் பறக்கும் நுண்விதை கொண்ட செடிக்குப் பனியுகம் தேவையில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்து மலையிலிருந்து நேற்றுக்கூட வந்திருக்கலாம்.

நாம் அழித்த ஒப்பீடு

இந்த விவாதத்தில் போதிய அழுத்தம் பெறாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு செடி பாறைக்கே உரியது என்று சொல்ல, அது பாறையல்லாத இடத்தில் இல்லை என்று தெரிய வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பாறையல்லாத இடம் எது? 1857 முதல் அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். பிரிக்ஃபீல்ட்சின் களிமண் நகரத்தைக் கட்டும் செங்கலாயிற்று. கிள்ளானை நோக்கிய சமவெளி ரப்பர் தோட்டமாகி, பிறகு வீட்டுமனையாயிற்று. தாவரங்கள் முறையாகப் பட்டியலிடப்படும் முன்பே தாழ்நிலக் காட்டின் பெரும்பகுதி போய்விட்டது. இன்று பாறையில் மட்டும் காணப்படும் ஒரு செடி, பாறையை விரும்பியதா, கோடரியும் வாளியும் எட்டாத இடத்தில் எஞ்சியதா?

ஹென்றி ரிட்லியின் வாழ்க்கையில் இந்த முரண் அப்பட்டமாகத் தெரியும். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தவர். பத்துமலைப் பனையை முதலில் விவரித்தவர் அவர். ஐந்து தொகுதி மலாயாத் தாவரநூலை 1922 முதல் 1925 வரை வெளியிட்டவரும் அவரே. தோட்ட முதலாளிகளின் பின்னால் ஓடி ரப்பர் நடச் சொல்லிச் சொல்லி நட வைத்தவரும் அதே மனிதர்தான். தமிழர் ஆயிரமாயிரமாய் வந்து வெட்டிச் சுத்தப்படுத்திய அந்தச் சமவெளிக் காடு நின்றிருந்தால், ரிட்லியின் பாறைச் செடிகளில் எத்தனை காட்டுச் செடிகளாகவும் இருந்தன என்று இன்று சொல்லியிருக்க முடியும்.

குன்றுகளும் தீண்டப்படாமல் இல்லை. பத்துமலையின் ஒரு பக்கத்தைக் கல்லுடைப்பு தின்றது. அடிவாரத்தில் வீடும் சாலையும் ரயிலும் நெருங்கியிருக்கின்றன, களைகள் ஏறுகின்றன. 1891-ல் தம்புசாமிப் பிள்ளை முருகனை நிறுவிய நாள் தொட்டு இலட்சக்கணக்கானோர் ஏறும் குன்று அது. ஏறுபவர் பார்வை வேலிலும் குகையிலும் இருப்பது இயல்பு. இத்தனைக்குப் பிறகும் ரூத் கியூ 2014-ல் வெளியிட்ட பட்டியல் பத்துமலையில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைக் காட்டியது. இது ஆறுதல் தரும் எண்தான். கூடவே, உச்சிகளும் சுவர்களும்தான் செடிகளைக் காப்பாற்றின, அடிவாரம் காப்பாற்றவில்லை என்று படித்தால், எஞ்சியது எது என்பதை இப்போதும் கோடரி தீர்மானித்துக்கொண்டிருக்கிறது என்பதும் புரியும்.

தீராதவை

கல்லின் வேதியியல் தனித்து நின்று இக்குன்றுகளின் காட்டை விளக்காது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மண்ணின்மை நெடுமரங்களைத் தடுப்பதும், அந்த வெற்றிடத்தில் நீர்த்தட்டுப்பாட்டையும் ஊட்டக்குறைவையும் தாங்குபவை குடியேறுவதும் பெரும்பாலான இனங்களுக்குப் பொருந்துகிறது. பாறைக்கே உரிய சிலவற்றுக்கு அது போதாது. மோனோஃபில்லேயா ஈரநிழலில்கூட ஏன் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்கிறது? இவ்விடத்தில் உங்கரின் பழைய விடை இன்னும் உயிரோடிருக்கலாம். ஒரு குன்றின் செடிகள் மற்றதன் கல்லில் ஏன் குறைவாகவே வாழ்கின்றன என்பதில் வேதியியலுக்குப் பங்கில்லை என்று சொல்லவும் நான் துணியமாட்டேன். எச்சமா, புதுப்பிறப்பா என்ற கேள்விக்கு மரபணு ஒப்பீடு இனம் இனமாகத்தான் விடை தரும். பேரினங்கள் வெவ்வேறு கதை சொல்லும் என்பதற்கு மேலே கண்ட பனையும் கோடோனோபோயாவுமே போதும்.

இவற்றில் பலவற்றைத் தீர்க்கப் பெரிய கருவிகள் வேண்டாம். டான்ஸ்லி செய்ததை இங்கே செய்தால் போதும்: பத்துமலைச் செடிகளைச் சிலிக்கா மண்ணிலும், புக்கிட் தாபூர்ச் செடிகளைச் சுண்ணாம்பு மண்ணிலும், இரண்டையும் காட்டு மண்ணிலும், தனியாகவும் கூட்டாகவும், நிழலிலும் வெயிலிலும் விதையிலிருந்து வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான நாற்றங்காலும் ஆட்களும் பத்துமலையிலிருந்து சில கிலோமீட்டரில், கெப்போங்கில் இருக்கிறார்கள். மனிதர் நட்ட அந்தக் கெப்போங் காடு 2025-ல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. யாரும் நடாத குவார்ட்ஸ் தொடர் 2017 முதல் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது.